மண்டப வெளிச்சமும் ஃப்ளாஷ் வெளிச்சமும்: வாசகர் கேள்வி - பதில்

முகூர்த்த மாதங்கள் நெருங்குவதாலோ என்னவோ, இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கேமராவின் தலையில் மாட்டும் ஃப்ளாஷைப் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: புதிதாக ஃப்ளாஷ் வாங்கி, உறவினர் நிச்சயதார்த்தத்தில் படம் எடுத்தேன். எல்லோர் முகமும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிட்டது. பின்னால் இருந்த பூ அலங்காரம் மொத்தமும் இருட்டு. எந்த செட்டிங் வைக்க வேண்டும்? – வாசகர், பொள்ளாச்சி

ஃப்ளாஷ் போட்டு எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் இரண்டு வெளிச்சங்கள் பதிவாகின்றன. ஒன்று மண்டபத்து விளக்குகள் தருவது. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க அது உள்ளே வந்துகொண்டே இருக்கும். மற்றது ஃப்ளாஷ், முழு பவரில் விட்டாலும் ஏறக்குறைய 1/300 நொடியில் வேலையை முடித்துவிடும். குறைந்த பவரில் 1/10,000 நொடிக்கும் குறைவு. இதனால் ஷட்டர் வேகத்தை 1/200-லிருந்து 1/50-க்கு இறக்கினால் மண்டப வெளிச்சம் நான்கு மடங்காகும், ஆனால் முகத்தில் விழுந்த ஃப்ளாஷின் அளவு அப்படியே இருக்கும். அபெர்ச்சரும் (எஃப் எண்ணால் குறிக்கும் லென்ஸ் திறப்பு) ஐஎஸ்ஓவும் (சென்சாரின் ஒளி உணர்திறன்) இரண்டையும் சேர்த்தே கூட்டும், குறைக்கும். ஃப்ளாஷ் பவர் ஃப்ளாஷை மட்டும் மாற்றும். இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் கணக்குதான்.

உங்கள் படத்தில் நடந்தது இதுதான்: கேமரா ஆட்டோவில் இருந்திருக்கும். ஃப்ளாஷ் மாட்டியதும் அது ஷட்டரை 1/60 பக்கம் வைத்து, ஐஎஸ்ஓவையும் குறைத்து, மண்டபத்தைக் கைவிட்டுவிட்டது. ஃப்ளாஷ் நேராக முகத்தைப் பார்த்து அடித்திருக்கிறது. நேர் ஃப்ளாஷ் தூரத்தின் வர்க்கத்தில் தேயும். 2 மீட்டரில் நிற்பவருக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் நான்கில் ஒரு பங்குதான் 4 மீட்டரில் இருப்பவருக்கு. 6 மீட்டரில் உள்ள மேடை அலங்காரத்துக்கு ஒன்பதில் ஒரு பங்கு. இரண்டு வரிசை குரூப் போட்டோவில் முன்வரிசை வெளுத்துப் பின்வரிசை மங்குவதும் இதே காரணத்தால்தான்.

இனி இப்படிச் செய்து பாருங்கள். முதலில் ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். கேமராவை மேனுவல் மோடுக்கு மாற்றி 1/100, எஃப்/4, ஐஎஸ்ஓ 1600 என்று வைத்து, ஆள் இல்லாத மேடையை ஒரு படம் எடுங்கள். சீரியல் பல்பின் நிறமும் பூவின் நிறமும் தெரிய வேண்டும், ஆனால் மொத்தப் படமும் கொஞ்சம் மங்கலாக இருக்க வேண்டும். கேமராவின் ஒளி மீட்டரில் பார்த்தால் கழித்தல் 1 அல்லது 1½ காட்டும். அதைவிட இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றுங்கள். இப்போதைய கேமராக்களில் 3200-ஐக் கண்டு பயப்படத் தேவையில்லை. சரியாக வெளிச்சம் விழுந்த முகத்தில் புள்ளி தெரியாது. மண்டபம் சரியானதும் ஃப்ளாஷைப் போட்டு டிடிஎல்லில் (வெளிச்சத்தை அளந்து ஃப்ளாஷ் பவரைக் கேமராவே முடிவுசெய்யும் முறை) வையுங்கள். அடுத்த படத்தில் முகம் எழுந்து நிற்கும், அலங்காரமும் இருக்கும். முகம் கூடுதலாகத் தெரிந்தால் ஃப்ளாஷ் காம்பன்சேஷனை (அந்தப் பவரைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள செட்டிங்) மட்டும் குறையுங்கள். ஷட்டரைத் தொடாதீர்கள்.

1/100 சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 1/100 அல்லது 1/50-ல் எடுத்தால் ஒரு முழுச் சுற்று படத்துக்குள் வந்துவிடும். பட்டை பட்டையாக நிழல் விழுவது பெரும்பாலும் நின்றுவிடும்.

ஆட்டோ ஐஎஸ்ஓவை நிறுத்திவிடுங்கள். அபெர்ச்சர் ப்ரயாரிட்டியும் (அபெர்ச்சரை நீங்கள் வைக்க, ஷட்டரைக் கேமரா முடிவுசெய்யும் மோடு) இங்கே வேண்டாம். சில கேமராக்களில் அது ஷட்டரை 1/10 வரை இழுத்துக்கொண்டு போய், கை அசைவெல்லாம் பேய் உருவம்போல் பதியும். மண்டப வெளிச்சம் எவ்வளவு கூடுதலாகப் பதிகிறதோ அவ்வளவு அந்தப் பேய் உருவமும் தெரியும். நின்று போஸ் கொடுப்பவர்களுக்கு மண்டப வெளிச்சம் ஒரு ஸ்டாப் (அதாவது பாதி) குறைவு போதும். ஆட்டம், மாலை மாற்றல், ஊஞ்சல் என்றால் இரண்டு ஸ்டாப் வரை குறைத்துவிட்டால் ஃப்ளாஷின் கூர்மைதான் படத்தில் நிற்கும்.

கேள்வி: ‘ஃப்ளாஷைக் கூரையில் அடி’ என்கிறார்கள். எந்த மண்டபத்தில் அடிக்கலாம், எதில் கூடாது? – வாசகி, காரைக்குடி

10 அடி உயரத்தில் வெள்ளை ஃபால்ஸ் சீலிங் இருந்தால் தயங்காமல் அடியுங்கள். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஃப்ளாஷ் முகப்புக்குப் பதிலாக, கூரையில் ஒரு கட்டில் அளவுக்கு வெளிச்ச வட்டம் உண்டாகிறது. அதுதான் இனி உங்கள் விளக்கு. நிழலின் ஓரம் மென்மையாவது அதனால்தான்.

விலை பவரில் கொடுக்க வேண்டும். பெட்டியில் ‘கைடு நம்பர் 60’ (ஃப்ளாஷ் எட்டும் தூரத்தைக் கணக்கிடும் எண்) என்று போட்டிருப்பது பெரும்பாலும் 200 மி.மீ. ஜூமில், ஐஎஸ்ஓ 100-ல் சொல்லப்படுவது. 35 மி.மீ. நிலையில் அதே ஃப்ளாஷுக்கு 36 அளவில்தான் வரும். 36-ஐ எஃப் எண் 4-ஆல் வகுத்தால் 9; நேராக அடித்தால் முழு பவரில் 9 மீட்டர் எட்டும். கூரையில் அடித்தால் சிதறலிலும் உறிஞ்சலிலும் இரண்டு ஸ்டாப் போனதாக வைத்துக்கொள்ளுங்கள், எட்டுவது 4½ மீட்டராகிறது. உங்கள் ஆள் 3 மீட்டரில், கூரை 3 மீட்டர் உயரத்தில் என்றால் வெளிச்சம் மேலே போய்க் கீழே வரும் வழி 4¼ மீட்டர். ஆக ஐஎஸ்ஓ 100-ல் ஏறக்குறைய முழு பவரும் செலவாகும். ஐஎஸ்ஓ 800-க்குப் போங்கள், 1/8 பவரே போதும். ஃப்ளாஷும் சூடாகாது, பேட்டரியும் நிற்கும்.

அதே கணக்கைப் பெரிய மண்டபத்துக்குப் போடுங்கள். கூரை 6 மீட்டர் என்றால் வழி ஒன்பதரை மீட்டர். ஐந்து மடங்கு வெளிச்சம் வேண்டும். ஐஎஸ்ஓ 800-லும் அரை பவருக்கு மேல் கேட்கும். அங்கே ஐஎஸ்ஓ 3200 வைப்பது அல்லது கூரையை விட்டுப் பக்கச் சுவரைத் தேடுவது நல்லது.

உண்மையில் சுவர்தான் பல நேரம் கூரையைவிட அழகான வெளிச்சம் தரும். ஃப்ளாஷ் தலையை நேர் மேலே தூக்கி அடித்தால், பக்கத்தில் நிற்பவரின் கண்குழி இருண்டு, மூக்கு நிழல் உதட்டில் விழும். தலையை உங்கள் தோளுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ சாய்த்து, 2–3 மீட்டரில் இருக்கும் வெள்ளைச் சுவரில் அடித்தால் ஜன்னலோரம் நிற்பதுபோல் முகத்தில் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் மெல்லிய நிழல் வரும். பட்டின் ஜரிகையும் நகை வேலைப்பாடும் தெரிவது இந்தப் பக்க வெளிச்சத்தில்தான்.

பின்னால் நிற்கும் விருந்தினர் கண்ணில் அடிக்காமல் இருக்க ஒரு வேலை செய்யுங்கள். ஸ்டேஷனரி கடையில் 2 மி.மீ. கறுப்பு ஃபோம் ஷீட் கிடைக்கும். ஒரு சாண் அகலம், ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி, ஃப்ளாஷ் தலையின் ஒரு பக்கமாக ஹேர் பேண்டால் கட்டிவிடுங்கள். வெளிச்சம் போகக் கூடாத பக்கத்தை ஃபோம் மறைக்கும். நேராக ஆள் முகத்தில் கசிவதையும் இதுவே தடுக்கும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால் ஃப்ளாஷ் தலையும் கூடவே திரும்பிவிடுகிறது என்பதை மறக்க வேண்டாம். படுக்கைப் படத்தில் கூரையைப் பார்த்த தலை, செங்குத்தில் பக்கத்துத் தூணைப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் தலையைத் திருத்தி வையுங்கள்.

அடிக்கக் கூடாத இடங்கள்: பச்சை, ரோஸ், நீலச் சுவர்கள். முகத்தின் ஒரு பாதி மட்டும் அந்த நிறத்தை வாங்கிக்கொள்வதால் ஒயிட் பேலன்ஸில் (வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் செட்டிங்) சரிசெய்யவே முடியாது. மரக்கூரையும் கறுப்புக் கூரையும் வெளிச்சத்தை விழுங்கிவிடும். மஞ்சளும் சிவப்புமான பந்தல் துணி இன்னும் மோசம். அங்கே ஃப்ளாஷை ஸ்டாண்டில் ஏற்றுவதுதான் வழி. அதைக் கீழே சொல்கிறோம்.

கேள்வி: வெள்ளை வேட்டி சட்டையில் நிற்பவர்களை எடுத்தால் டிடிஎல் படம் மங்கலாக வருகிறது. கோட் போட்டவர் முகம் வெளுக்கிறது. ஃப்ளாஷில் கோளாறா? – வாசகர், திருநெல்வேலி

கோளாறு இல்லை. டிடிஎல் என்பது முதலில் ஒரு சிறு முன்மின்னலை விட்டு, திரும்பி வரும் வெளிச்சத்தை அளந்து, அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை வேட்டியிலிருந்து நிறைய வெளிச்சம் திரும்புவதால் போதும் என்று நினைத்துக் குறைத்துவிடும். கறுப்புக் கோட்டில் நேர்மாறு. வெள்ளை நிறைந்த படத்துக்கு ஃப்ளாஷ் காம்பன்சேஷன் கூட்டல் ⅔ முதல் 1 வரை, கறுப்பு நிறைந்ததற்குக் கழித்தல் ⅔ முதல் 1 வரை. வெள்ளைச் சட்டை போட்ட மாநிற முகங்கள் என்றால் கூட்டலோடு நிறுத்தாமல், கேமராவில் ஃப்ளாஷ் லாக் பட்டன் இருந்தால் முகத்தைப் பார்த்து லாக் செய்து, பிறகு ஃப்ரேம் வையுங்கள். முன்மின்னலைக் கண்டே கண் சிமிட்டுபவர்களுக்கும் இது உதவும். சிமிட்டல் முடிந்த பிறகு நீங்கள் க்ளிக் செய்யலாம்.

கேள்வி: முகம் நல்ல நிறமாக வருகிறது, பின்னால் மண்டபம் மட்டும் ஆரஞ்சு ஜூஸ் நிறம். சரிசெய்தால் முகம் நீலமாகிறது. – வாசகர், வேலூர்

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். ஃப்ளாஷ் வெளிச்சம் 5,500 கெல்வின் அளவு, மஞ்சள் பல்பு 3,000 சொச்சம். ஒரே ஒயிட் பேலன்ஸ் இரண்டுக்கும் பொருந்தாது. ஆகவே ஃப்ளாஷையே மஞ்சளாக்க வேண்டும். ஆரஞ்சு ஜெல் தாள், சிடிஓ என்று கேட்டால் கேமரா துணைப்பொருள் கடைகளில் கிடைக்கும். முழு சிடிஓ ஒட்டினால் ஃப்ளாஷ் 3,200 கெல்வின் அருகில் வரும். ஒயிட் பேலன்ஸையும் 3,200-ல் வைத்தால் முகமும் மண்டபமும் ஒரே நிறம். ஆனால் நாங்கள் பரிந்துரைப்பது அரை சிடிஓ, ஒயிட் பேலன்ஸ் 4,000. முகம் இயல்பாக இருக்கும், பின்னணியில் கொஞ்சம் மஞ்சள் மிச்சமிருக்கும். குத்துவிளக்கும் தங்கமும் இருக்கும் இடத்தில் அந்த மஞ்சளை முழுக்கத் துடைத்துவிட்டால் படத்தில் உயிர் போய்விடும்.

வெள்ளை எல்இடி மண்டபத்துக்கு ஜெல் வேண்டாம். ஊதா, நீல எல்இடி மேடைக்கு எந்த ஜெல்லும் பொருந்தாது. அங்கே மேடை விளக்குகளை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். முடியாதென்றால் ஷட்டரை 1/200-க்கு ஏற்றி அந்த ஊதாவைப் பின்னணியோடு அடக்குங்கள். எப்படியும் ரா ஃபைலில் (நிறத்தைப் பிறகும் திருத்த இடம் தரும், சுருக்கப்படாத ஃபைல்) எடுங்கள்.

கேள்வி: படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுகிறது. சில நேரம் ஃப்ளாஷ் அடித்தது படத்தில் பதிவே ஆவதில்லை. – வாசகர், ஈரோடு

ஷட்டர் என்பது ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் இரண்டு திரைகள். பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250 வரைதான் சென்சார் முழுக்க ஒரே கணத்தில் திறந்திருக்கும். அதற்கு மேல் போனால் இரண்டாம் திரை பாதியை மூடிய பிறகே ஃப்ளாஷ் அடிக்கும். மூடிய பாதி கறுப்பு. ஹை ஸ்பீட் சிங்க் (திரைகள் ஓடும் நேரம் முழுக்க ஃப்ளாஷ் விட்டுவிட்டு மின்னும் முறை) போட்டால் பட்டை போகும், ஆனால் பவர் வெகுவாகக் குறையும். குறைந்த வெளிச்சத்தில் அது தேவையே இல்லை, 1/200-க்குள் இருங்கள். மிரர்லெஸ்ஸில் சைலன்ட் ஷட்டர் போட்டிருந்தால் பல மாடல்களில் ஃப்ளாஷ் அடிக்கவே செய்யாது. முதலில் அதை மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: என் கேனன் 1500டி கமராவில் ஒரு மேனுவல் ஃப்ளாஷ் மாட்டினேன், அடிக்கவே இல்லை. கடையில் இன்னொரு கமராவில் நன்றாக அடிக்கிறது. அப்பா வைத்திருந்த ஃபிலிம் காலத்து ஃப்ளாஷ் ஒன்றும் இருக்கிறது. அதை மாட்டலாமா? – வாசகர், யாழ்ப்பாணம்

கமராவின் ஹாட் ஷூவை (ஃப்ளாஷை மாட்டும் மேல் தட்டு) உற்றுப் பாருங்கள். நடுவில் பெரிய வட்டத் தொடுமுனை இருக்கிறதா? கேனனின் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 போன்ற மாடல்களில் அந்த நடு முனை இல்லை. மேனுவல் ஃப்ளாஷுக்கு ‘அடி’ என்ற சைகை வருவது அந்த ஒரு முனை வழியாகத்தான். உங்களுக்குக் கேனன் டிடிஎல் பேசும் ஃப்ளாஷ்தான் சரிவரும். வாங்குமுன் உங்கள் மாடலில் மாட்டிப் பாருங்கள்.

பழைய ஃப்ளாஷை அளந்து பார்க்காமல் எந்த டிஜிட்டல் கமராவிலும் ஏற்ற வேண்டாம். அக்காலத்து சில ஃப்ளாஷ்களின் தொடுமுனையில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். கமராவின் எலெக்ட்ரானிக்ஸ் கருகிவிடும். ஃப்ளாஷை சார்ஜ் ஆகவிட்டு, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை அடியிலுள்ள நடு முனையிலும் கறுப்பை ஓரத் தகட்டிலும் தொட்டுப் பாருங்கள். 6 வோல்ட்டுக்குக் கீழே என்றால் கவலையில்லை. அதற்கு மேல் என்றால் கமராவின் கையேடு அனுமதிக்கும் அளவைப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். ஃப்ளாஷைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் 300 வோல்ட் அளவில் மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும்.

கேள்வி: தாலி கட்டும் நேரத்தில் இரண்டு படத்துக்கு ஒரு படம் கறுப்பாக வருகிறது. – வாசகி, சிவகாசி

ஃப்ளாஷ் மறுபடி சார்ஜ் ஆவதற்குள் நீங்கள் க்ளிக் செய்கிறீர்கள். கடையில் கிடைக்கும் ஆல்கலைன் பென்சில் செல் இந்த வேலைக்கு மந்தம். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் 1.2 வோல்ட்தான் என்றாலும் உள் மின்தடை குறைவு, வேகமாகக் கரண்டைத் தள்ளும். நான்கு நான்காக செட் பிரித்து, ஒவ்வொரு செட்டின் மேலும் ஒரே எழுத்தை மார்க்கரில் எழுதி வையுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் பலவீனமான ஒன்று மற்ற மூன்றையும் இழுத்துவிடும். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் முன்பு புது செட் மாற்றிவிடுங்கள், மிச்சம் இருந்தாலும் சரி.

ரெடி விளக்கு எரிவது முழு சார்ஜுக்குச் சற்று முன்பே நடப்பதுண்டு. எரிந்ததும் ஒரு மூச்சு விட்டு எடுங்கள். ஐஎஸ்ஓவை ஒரு ஸ்டாப் ஏற்றினால் பவர் பாதியாகும், சார்ஜ் நேரமும் குறையும். முழு பவரில் தொடர்ந்து 20, 30 முறை அடித்தால் பல ஃப்ளாஷ்கள் சூடாகித் தம்மைத் தாமே நிறுத்திக்கொள்ளும். அது தாலி கட்டும் நேரமாக இருக்கக் கூடாது.

அந்த நேரத்தில் இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. ஹோமப் புகைக்கு முன்னால் நேர் ஃப்ளாஷ் அடித்தால் புகைதான் வெள்ளைத் திரையாக ஒளிரும். பக்கச் சுவரில் அடித்தால் பெருமளவு தப்பலாம். லென்ஸுக்கு ஒரு முழத்தில் பறக்கும் அட்சதையும் பூவிதழும் நேர் ஃப்ளாஷில் வெள்ளைக் குண்டுகளாக வெடிக்கும். ஆகவே கூட்டத்துக்குள் நிற்காமல், அட்சதை விழும் பாதைக்குப் பக்கவாட்டில், மணமக்களுக்கு நெருக்கமாக இடம் பிடியுங்கள்.

கேள்வி: ரிசப்ஷன் மேடைக்கு ஒரே ஒரு ஃப்ளாஷை ஸ்டாண்டில் வைத்து எடுக்க முடியுமா? – வாசகர், தாம்பரம்

முடியும். இடம் மாறாத மேடைக்கு அதுதான் நிம்மதி. 43 அங்குல வெள்ளைக் குடை, 8 அடி ஸ்டாண்ட், 2.4 கிகாஹெர்ட்ஸ் ட்ரிக்கர் (கேமராவிலிருந்து ஃப்ளாஷை வயரில்லாமல் அடிக்க வைக்கும் கருவி). ட்ரிக்கர் உங்கள் கேமரா பிராண்டுக்கானதாகவும், ஃப்ளாஷ் பேசும் அதே வயர்லெஸ் முறையாகவும் இருக்க வேண்டும். இரண்டிலும் சேனல் எண் ஒன்றாக இருக்கட்டும். ஸ்டாண்டை மேடைக்கு 45 டிகிரி பக்கவாட்டில், 2½ மீட்டரில் நிறுத்தி, ஃப்ளாஷ் ஜூமை 24-ல் வைத்துக் குடை முழுக்க வெளிச்சம் பரவ விடுங்கள். மேனுவலில் 1/8 பவர், ஐஎஸ்ஓ 800, எஃப்/5.6 தொடக்கம். தூரம் மாறாததால் டிடிஎல் தேவையில்லை. முதல் படமும் கடைசிப் படமும் ஒரே அளவில் வரும்.

பத்துப் பேர் வரிசையாக நின்றால் குடைக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர் மங்குவார். ஸ்டாண்டை 4 மீட்டருக்குப் பின்னால் நகர்த்திப் பவரை 1/8-லிருந்து 1/3 அருகே ஏற்றுங்கள், வித்தியாசம் சுருங்கும். மூக்குக்கண்ணாடியில் குடை தெரிந்தால் ஸ்டாண்டை இன்னும் உயர்த்திப் பக்கவாட்டில் தள்ளுங்கள். ஸ்டாண்டின் அடியில் 5 லிட்டர் தண்ணீர் கேனைக் கட்டித் தொங்கவிடுங்கள். குழந்தைகள் ஓடும் இடத்தில் குடை பிடித்த ஸ்டாண்ட் சாய ஒரு தள்ளல் போதும்.

கேள்வி: இரவு சுவாமி புறப்பாட்டை எடுக்கிறேன். திறந்த வெளி, கூரையே இல்லை. தீப்பந்தத்தின் அழகு ஃப்ளாஷில் போய்விடுகிறது. – வாசகர், கும்பகோணம்

திறந்த வெளியில் பிளாஸ்டிக் டோம் மாட்டி வானத்தைப் பார்த்து அடிப்பவர்களைப் பார்க்கிறோம். பெரும்பகுதி வெளிச்சம் வானத்துக்கே போய்விடுகிறது. இங்கே நேராகத்தான் அடிக்க வேண்டும், ஆனால் கொஞ்சமாக. ஐஎஸ்ஓ 1600, எஃப்/4, ஷட்டர் 1/15, அரை சிடிஓ ஜெல், ஃப்ளாஷ் காம்பன்சேஷன் கழித்தல் 1½. ரியர் கர்ட்டன் சிங்க் வைத்தால் ஃப்ளாஷ் ஷட்டர் மூடும் தறுவாயில் அடிக்கும். பந்தத்தின் தீ இழுத்த கோடு நடப்பவருக்குப் பின்னால் விழும். சாதாரண நிலையில் வைத்தால் கோடு முன்னால் நீண்டு, ஆள் பின்னோக்கி நடப்பதுபோல் இருக்கும். ஷட்டர் மெதுவாக ஓடும்போது முன்மின்னலுக்கும் உண்மை மின்னலுக்கும் இடைவெளி விழுவதால், படம் எடுத்தாயிற்று என்று ஆட்கள் திரும்பிவிடுவார்கள். போஸ் கொடுப்பவர்களிடம் இரண்டாவது மின்னல் வரை அசையாமல் நிற்கச் சொல்லுங்கள்.

யானை, குதிரை முகத்துக்கு நேரே ஃப்ளாஷ் அடிக்காதீர்கள். மிரண்டால் கூட்டத்தில் யாரும் தப்ப வழியில்லை. தோளில் பல்லக்கு சுமந்து வருபவர்களுக்கும் மிக அருகில் நின்று அடிக்க வேண்டாம், ஒரு கணம் கண் கூசினால் அடி பிசகும். தீபாராதனை காட்டும்போது ஃப்ளாஷை அணைத்துவிட்டு எஃப்/2.8 அல்லது உங்கள் லென்ஸ் திறக்கும் அளவு, 1/125, ஐஎஸ்ஓ 6400 வையுங்கள். தீபத்தட்டு மேலே வரும் கணத்தில் எடுங்கள். அப்போதுதான் அந்த வெளிச்சம் முகத்தில் முழுதாக விழும்.